துளை போடக் கூடாது

படகு வாடகைக்கு.
கொண்டலாம்பட்டிக்காரர் இரண்டே நிபந்தனை சொன்னார்:
துளை போடக் கூடாது,
பசை ஒட்டக் கூடாது,
மற்றபடி உங்கள் இஷ்டம்.

மற்றபடி என்ன மிச்சம்?
காற்றடைத்த ரப்பருக்குத் தோள் உண்டு,
எலும்பு கிடையாது.
சோனாரின் காதோ ஓர் எலும்பைக் கேட்கிறது:
நிமிர்ந்து நிற்க,
நேர் கீழே பார்க்க,
சாணுக்குக் கொஞ்சம் குறைவாய்
நீரில் முங்கியே இருக்க.

செவ்வாய்ப்பேட்டையில்
காய் நறுக்கும் பலகை வாங்கினேன்,
வெள்ளை பிளாஸ்டிக், பெரியது.
"சமையல் கான்ட்ராக்டா?" என்றார் கடைக்காரர்.
"ஏரி" என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.
இரண்டு சி கிளாம்ப்,
முக்கால் இஞ்சுக் குழாய் ஒரு முழம்,
பஞ்சர் கடையில் சும்மா கிடைத்த சைக்கிள் டியூப்.
பேட்டரி நனையாதிருக்க
என் டிபன் கேரியரின் நடு அடுக்கு.

இருபது கொண்டை ஊசி ஏறி
ஏற்காட்டில் இறங்கினால் ஏரியைக் காணோம்.
வெறும் மூட்டம்.
படகுத்துறை பெலவேந்திரன்
குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு
"அங்கனதான் இருக்கு, போயிடாது" என்றார்.
ஒன்பது மணிக்குப் பெடல் படகுகள் இறங்கிவிடும்.
அதுவரை எங்களுக்கு.

கோகிலவாணி பம்பை மிதித்தாள்.
மூன்று வாரமாக என்னிடம்
அவள் எண்கள் மட்டுமே பேசுகிறாள்.
போன ஏரி அறிக்கையில்
அவள் பெயரை விட்டது நான்தான்.
மறதி என்றேன்.
மறதிதான், பாதி.

பக்கக் குழலின் மேல் டியூப்பை விரித்து
அதன்மேல் பலகை.
துடுப்பு வளையத்தில் நாடாவைக் கோத்து
இந்தப் பக்கம் நான் இழுக்க
அந்தப் பக்கம் அவள் இழுத்தாள்,
கொஞ்சம் அதிகமாகவே.
பலகை விளிம்பில் கிளாம்ப், கிளாம்பின் பிடியில் குழாய்,
குழாயின் நுனியில்
சோப்புக்கட்டி அளவுக்கு அந்தக் கறுப்புக் காது.
"எண்பத்தி நாலு" என்றாள், போனைச் சரித்துப் பார்த்து.
திருகினேன்.
"எண்பத்தி ஒம்பது."
திருகினேன்.
"தொண்ணூறு."
அவ்வளவுதான் உரையாடல்.

வெயில் வந்ததும் எல்லாம் கெட்டது.
உள்ளே காற்று விரிந்து
குழல் புடைத்து
நேராய் நின்றது வெளிப்பக்கம் சாய்ந்தது.
அவள் வால்வை அழுத்தி
ஒரு பெருமூச்சு அளவு வெளியே விட்டாள்.
படகின் பெருமூச்சைத்தான் சொல்கிறேன்.

முதல் எண்: நாற்பத்தொரு மீட்டர்.
ஏற்காடு ஏரிக்கா?
கையை நீருக்குள் விட்டுக் காதின் அடியில் தடவினாள்.
குமிழி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது,
மிளகு அளவுதான்.
அதன்பின் திரை ஒழுங்காகச் சொன்னது, மூன்று புள்ளி பூஜ்யம் ஐந்து.
முங்கியிருக்கும் பதினைந்து சென்டிமீட்டரைச் சேர்த்து
மூன்று இருபது என்று எழுதினாள்.

சரிபார்க்கக் கயிறும் ஒரு கிலோ படிக்கல்லும்.
கல் இறங்கியது, தயங்கியது,
இன்னும் இறங்கியது.
மூன்று எழுபத்தி இரண்டு.

"எது பொய்?"

மூன்று வாரத்தில்
எண் இல்லாத முதல் வார்த்தைகள்.
பதிலை அவசரமாய்ச் சொல்லிக் கெடுத்துவிடக் கூடாதென்று
கயிற்றை இன்னொரு முறை சுற்றினேன்.
ரெண்டும் இல்லை.
அது சேறு தொடங்கும் இடம்,
இது சேறு தாங்கும் இடம்.
நடுவில் ஐம்பத்தி இரண்டு:
மழை இறக்கிக் கொண்டுவந்த காப்பித் தோட்ட மண்,
சில்வர் ஓக் சருகு,
யாரோ கழற்றிவிட்ட ஒற்றைச் செருப்பு.
இதை அளக்கத்தானே வந்தோம்.

அவள் நோட்டில் நெடுக ஒரு கோடு கிழித்து
இரண்டு பத்தி ஆக்கினாள்.

ஒன்பது மணிக்கு எல்லாம் கழன்றது.
காற்றிறங்கிய ரப்பரில்
நாடாவின் தடம் கொஞ்ச நேரம் இருந்தது.
மாலையில் கொண்டலாம்பட்டிக்காரர்
விரல்விட்டுத் தேடிப் பார்த்து
"ஒண்ணுமே செய்யலையா?" என்றார்.

அறிக்கையின் முகப்பில்
அவள் பெயரை முதலில் எழுதிக் காட்டினேன்.
"இனிஷியல் தப்பு" என்றாள்.

அதுவும் எண் இல்லை.