பதினொரு பெண்களின் எடை

அப்போது நான் ஹால்வெக் ஊர்த் தானியக் கிடங்கில்
எடை எழுதுகிறவன்.
வடக்கு டகோட்டா. அடுத்த மரத்துக்கு ஆறு மைல்.
தண்டவாளத்தை ஒட்டி நின்ற அந்தப் பலகைக் கோபுரம் தவிர
அண்ணாந்து பார்க்க ஊரில் வேறெதுவும் இல்லை;
லுத்தரன் தேவாலயம்கூட அதற்கு இடுப்பளவுதான்.

வண்டி மேடையில் ஏறும்.
உள்ளே நான் தராசுத் தண்டில் குண்டை நகர்த்துவேன்.
குண்டின் குழிக்குள் ஓர் ஈயத்துண்டு இருந்தது,
கட்டைவிரல் நகத்தளவு.
வைத்தவன் நான் இல்லை.
எடுக்காதவன் நான்.

பிறகு தரம். பல்லில் கடித்து, உள்ளங்கையில் ஊதி,
"நாலாம் நம்பர்" என்பேன்.
அதே கோதுமை மினியாபொலிஸில் இறங்கும்போது
ஒன்றாம் நம்பர்.
ரயில் பயணம் உடம்புக்கு நல்லது போலிருக்கிறது.
தூசிக்கென்று கழித்ததைச் சலித்தெடுத்துக்
கோழித் தீவனமாக அவர்களுக்கே விற்றோம்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.
உழுதவர்கள் பார்க்கவில்லை.
ராக்ன்ஹில்ட் ஓப்தால் பார்த்தாள்.

அந்தக் குளிர்காலம் ஃபோர்டு காரில் ஒருவன் வந்தான்,
சங்கத்துக்கு ஆள் சேர்க்க.
மாவு ஆலை நமதாகட்டும், கிடங்கு நமதாகட்டும்,
வங்கி நமதாகட்டும் என்றான்.
அறுவடைக்குப் பிந்தைய தேதியிட்டு
அவள் புருஷன் குட்முண்ட் காசோலை எழுதினான்.
வந்தவன் ஆண்களின் பெயரை எழுதிக்கொண்டான்.
காப்பி நன்றாயிருந்தது என்று பெண்களிடம் சொன்னான்.

மறுவாரம் சனிக்கிழமை, வரிசையில் பதினாலு வண்டிகள் நிற்க,
தேவாலய மாதர் சங்கம் நடந்தே வந்து
என் எடைமேடையில் ஏறியது.
பதினொரு பேர். ஓட்டிலி ஷாவர் கம்பளிச் சால்வையோடு,
பாதிரியாரின் மனைவி ஆறுமாத வயிற்றோடு.
"எங்களை நிறு" என்றாள் ராக்ன்ஹில்ட்.

சிரித்தார்கள் எல்லோரும். நானும்தான்.
குண்டை நகர்த்தினேன்.
ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது பவுண்டு.

கோட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள்.
அரைமணி முன்னால், இதே உடுப்பில்,
பாலேடு வாங்கும் கடைத் தராசில் ஒவ்வொருத்தியாக ஏறி
எழுதி வாங்கிய எடைகள்.
கூட்டினால்
ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.

"எழுபத்திரண்டு குறைகிறது" என்றாள்.
"எங்களில் பாதி ஆளைக் காணோம்.
எந்தப் பாதி என்று சொல்லு."

இப்போது சிரிப்பில்லை.
பின்வரிசையில் யாரோ வண்டியைவிட்டுக் குதிக்கும் சத்தம்.
குதிரையொன்று மூச்சு விட்டது.
நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஏதோ அது எனக்குப் பதில் பேசும் என்பதுபோல.

ஜூன் மாதத் தேர்தலில் சங்கம் ஜெயித்தது.
சாலையெல்லாம் சேறு, அச்சுவரைக்கும்.
ஆண்கள் உள்ளே ஓட்டுப் போட்டார்கள்.
வெளியே, மழையில்,
குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்
அந்தப் பதினொரு பேர்.
கைக்குழந்தையோடு சேர்த்தால் பன்னிரண்டு.

ஆய்வாளர் வந்தார். ஈயத்தை எடுத்தார்.
அரசு முத்திரையை அரக்கில் பதித்தார்.
என்னை மட்டும் எடுக்கவில்லை.
நல்லவர்கள் ஆட்சிக்கும்
எடை எழுதத் தெரிந்த ஒருவன் வேண்டுமே.

முதல் அறுவடைக்கு வந்தாள்.
கோதுமைக்கு முன்னால் தான் ஏறி நின்றாள்.
நூற்று நாற்பத்தாறு என்றேன். குறித்துக்கொண்டாள்.

அடுத்த வருஷமும் வந்தாள்.
"முத்திரைதான் இருக்கிறதே" என்றேன்.
"பார்த்தேன்" என்று சொல்லி
ஏறி நின்றாள்.

நூற்று நாற்பத்திரண்டு.
வறட்சி வருஷம். எல்லோருமே இளைத்திருந்தார்கள்.
குண்டை இருமுறை தள்ளிப் பார்த்தேன்.
தராசு பொய் சொல்லவில்லை;
சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை.

பென்சில் முனையை நாவில் நனைத்துக்கொண்டு
அவள் காத்திருந்தாள்.