குனியும் வேலை

குனிந்தால்தான் வரும்.
நிமிர்ந்து நின்று கதைக்கிறபோது
நல்ல பிள்ளைபோல் கிடக்கும்.

கண்ணிவெடி எடுக்கிறவளுக்குக்
குனியாமல் என்ன வேலை?
சிவப்புத் தடிக்கு இந்தப் பக்கம்
முழங்காலில் இருந்து
முகக்கவசத்தை இறக்கிவிட்டு
ஒரு சாண் மண்ணைச்
சீவிச் சீவிப் போகிறபோது
இடது கண்ணுக்குக் கீழே
யாரோ உள்ளிருந்து
கட்டைவிரலால் அமத்துவார்கள்.
மேல்வாய்ப் பற்கள் கூசும்.
கவசத்துக்குள் என் மூச்சே
எனக்கு ஆவி பிடிக்கும்.

மாங்குளத்துப் பல் கிளினிக்கில்
கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள்.
பல் போனது.
நோ இருந்த இடத்தில் இருந்தது.

பிறகு ஆளுக்கொரு மருந்து.
நொச்சி இலை. சித்தாலேப.
தலைக்கு முழுகாதே என்றா மாமி.
பவுசரில் தண்ணி வருகிற ஊரில்
அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.
பனடோல் இரண்டு, கொஞ்ச நாளில்
மத்தியானத்துக்கும் இரண்டு.

பக்கத்து லேன் வசீகலா
மருந்து ஒன்றும் சொல்லவில்லை.
தன் பிடரியைத் தொட்டுக் காட்டினாள்.
அவளுக்கு அங்கே ஒன்று இருக்கிறது,
மாரிக்கு இழுக்கும்.
"உனக்கும் உதுதான். கிண்டாதை. பழகிக்கொள்."

அன்றைக்கே அது எனக்குத் துண்டாகிவிட்டது.
எந்த ஷெல் என்றுகூட
நானே முடிவுகட்டினேன்:
மாத்தளன், விடியப்புறம்,
பங்கருக்கு வெளியே
நான் முகம் கழுவிக்கொண்டு நின்றது.
பதினொரு வயது.
கன்னத்தில் ஒரு கீறல்,
உப்புத்தண்ணி பட்டுப் பட்டு ஆறிப்போனது.
எனக்குப் பின்னால்
சவர்க்காரப் பெட்டியோடு நின்ற
சின்னண்ணாவுக்கு
ஆறுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

நாலு வருசம்
அதை மரியாதையாய்ச் சுமந்தேன்.
எரிச்சலில் ஒருநாளும் திட்டியதில்லை.
சில பின்னேரங்களில்
நோகாமல் இருந்தால்
நானாகவே குனிந்து பார்ப்பேன்,
இருக்கிறாரா என்று.

வவுனியா பெரியாஸ்பத்திரி.
ஸ்கானுக்கு மூன்று மாதம் தவணை.
"தோடு, கிளிப் கழட்டுங்கோ.
உள்ளுக்குப் பீஸ் ஏதும் இருக்கோ?"
விலாசம் கேட்பதுபோல் கேட்டான் பொடியன்.
ஒன்று, என்றேன்.
எழுதிக்கொண்டான்.

வெளிச்சப் பலகையில் என் மண்டை.
கன்னத்துக்குப் பின்னால் கறுப்பாய் ஒரு அறை.
அதன் தரையில் சாம்பலாய் ஒரு மேடு,
கவிழ்த்துவைத்த சிரட்டை மாதிரி.
"சைனசுக்குள்ள நீர்க்கட்டி.
கனபேருக்கு இருக்கும், தெரியாமலே இருப்பினம்.
உங்களுக்குக் கொஞ்சம் பெரிசு,
குனியேக்க இடிக்குது போல."
இரும்பு?
"ஒரு பொட்டும் இல்லை."
வடிவாப் பாருங்கோ டொக்டர்.
பார்த்தார்.
இரும்பென்றால் பளிச்சென்று
வெள்ளையாய்த் தெரியுமாம்.
பயந்தவள் என்று நினைத்திருப்பார்,
சிரித்துக்கொண்டு
மூக்குக்கு அடிக்கிற மருந்தும்
கொதித்தாறின உப்புத்தண்ணியால் கழுவச் சொல்லியும்
எழுதித் தந்தார்.
ஆறு மாதம் பார்ப்போம், கரையாட்டி
எடுக்கிறதைப் பற்றி யோசிப்போம்.

ஓமந்தை, புளியங்குளம்.
பஸ்ஸில் யன்னல் சீற்.
கனகராயன்குளம் தாண்டும்வரை
ஒன்றும் வரவில்லை.
பிறகு மூக்கு ஒரு பக்கம் மட்டும் ஓடியது.
அழுகையா தடிமனா,
பக்கத்தில் இருந்த மனுசி
ரிசு நீட்டினா.
வாங்கிக்கொண்டேன்.

வெறும் தண்ணி.
நான் விழுந்த ஊருமில்லை,
நடந்த கதையுமில்லை,
என் சளிச்சவ்வு தானாகக் கட்டிக்கொண்ட
ஒரு சின்னக் குளம்.
அதற்கு நான்
அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறேன்.

அடுத்தநாள் சாப்பாட்டு நேரம்
வசீகலா கேட்டாள், படத்தில் என்னவாம்?
மண்ணெடுக்கிற கையை
இரண்டுதரம் சோப்புப் போட்டுக் கழுவினேன்.
"துண்டுதானாம். சின்னன்.
எடுக்கத் தேவையில்லையாம்."

அவள் தலையாட்டினாள்.
தன் பிடரியை ஒருக்காத் தடவிவிட்டு
பெட்டியில் இருந்த ஒரேயொரு பொரித்த மீனைப்
பாதியாய்ப் பிய்த்து
என் சோற்றின்மேல் வைத்தாள்.

விசில் அடித்தது.
கவசத்தை இறக்கிக்
குனிந்தேன்.
தண்ணி ஒருபக்கம் சரிந்தது.