கோபேயிலிருந்து விலைப்பட்டியல்

செயற்கைப் பட்டுநூல், நூற்றைம்பது டெனியர்,
பவுண்டு இன்ன விலை, தூத்துக்குடி வரை கப்பல் கூலி சேர்த்து.
தெற்கு மாசி வீதிக் கடைக்கு வரும் கடிதத்தில்
இவ்வளவு இருந்தால் போதும்.
நிஷிவாகி மட்டும்
கையெழுத்துக்குக் கீழே இரண்டு வரி சேர்ப்பான்.
அழகுசுந்தரம் அவன் தட்டச்சில் எப்போதும்
அரகுசுந்தரம்.
நான் திருத்தியதில்லை.

இருபத்தெட்டு மாசியில்:
"இந்த வாரம் முதன்முறை ஓட்டுப் போட்டேன்.
இங்கே வேட்பாளர் பெயரை நாமே எழுத வேண்டும்.
மை கொஞ்சம் ஊறிவிட்டது. செல்லுமோ என்னவோ."

வரி கட்டுகிறவனுக்கே ஓட்டு என்ற ஊரில்
வாடகை வீட்டுக் கணக்குப்பிள்ளை நான்.
அந்த வரிகளை முதலாளி துளசிராமய்யருக்குப் படித்துக் காட்டவில்லை.
எனக்கே மூன்று தடவை படித்துக்கொண்டேன்.

பிறகு மஞ்சூரியா.
பிறகு யென் விழுந்தது, நூல் மலிந்தது.
கடையில் கற்பூரம் கொளுத்தினோம்.
செல்லூரில் பருத்தித் தறிகள் ஒவ்வொன்றாய்ப் படுத்தன.

முப்பத்திரண்டு ஆனியில்:
"பிரதம மந்திரியை அவர் வீட்டிலேயே சுட்டுவிட்டார்கள்.
படை உடுப்பில் வந்த பையன்கள்.
பேசினால் புரியும் என்றாராம்."

அந்த வெள்ளிக்கிழமை
திருமங்கலம் மாட்டுச்சந்தையில் வெகுநேரம் நின்றேன்.
துண்டுக்கடியில் இரண்டு கைகள்
விரல் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தன.
முக்கால் மணி நேரம். மாடு அசைபோட்டது.
பேரம் படியவில்லை.
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
இருவரும் காப்பி குடிக்கப் போனார்கள்.

மறு மாசியில் ஜெனீவாவில்
நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்கள்.
நிஷிவாகியின் இரண்டு வரி ஒன்றானது:
"இங்கே வானிலை நன்று."
நாலு வருஷமும் வானிலை நன்றாகவே இருந்தது.

முப்பத்தேழு மாசியில் எனக்கும் வந்தது ஓட்டு,
எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்ற கணக்கில்.
பள்ளிக்கூட வராந்தா. நிறம் நிறமாய்ப் பெட்டிகள்.
எழுத ஒன்றுமில்லை, சீட்டை மடித்துப் போட்டால் சரி.
வெளியே வந்து, எதற்கோ,
விரலில் மை இருக்கிறதா என்று பார்த்தேன்.

அன்றிரவே கோபேக்கு எழுதினேன்,
விலை விசாரித்ததற்குக் கீழே இரண்டு வரி.

ஆவணியில்தான் பதில் வந்தது.
சீனாவில் சண்டை மூண்டிருந்தது.
அச்சடித்த பட்டியல்,
அடியில் யாரோ ஒருவர் கையெழுத்து.
உறையைத் திருப்பிப் பார்த்தேன்:
அழகுசுந்தரம்.
ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.