நான்காம் எண் கிட்டங்கி

முப்பது வருடம் சாவி என்னிடம் இருந்தது.
நீஸ்தர் ஆற்றுக்கு மேலே
சுண்ணாம்புப் பாறையின் விலாவில் பதினோரு பொந்துகள்.
கூட்டுப்பண்ணைப் பேரேட்டில் நான்காம் எண் கிட்டங்கி.
கடவுளைக் காலி செய்த இடத்தில்
வெங்காயம் கெடாது என்று சொன்னவர் அதிகாரி புரோகோர்.
உண்மைதான். கெடவில்லை.

இதை முதலில் குடைந்தவன் துறவி இல்லையாம்.
சுங்கம் கட்டாமல் ஓடிவந்த ஓடக்காரன்.
ஒளிந்துகொள்ள ஓர் ஆள் அகலம் வெட்டினான்.
தேடி வந்தவர்கள் செத்த பிறகும்
உளியைக் கீழே வைக்கத் தெரியவில்லை அவனுக்கு.
அடுத்த அறை தம்பிக்கு.
அதற்கடுத்தது யாருக்கென்று அவனே அறியான்.
பாறைக்குள் கடற்சிப்பிகள் கிடைத்தன.
மலைக்குள் கடல் எப்படி என்று யாரைக் கேட்பது?
மேற்கூரையில் அப்படியே விட்டுவைத்தான்.

பிறகுதான் கறுப்பங்கிகள் வந்தன, மெழுகுவர்த்தி வந்தது,
நாற்பது நாள் நோன்பு, ஆளுயர மணி,
மடத்துக்கு யார் தலைவர் என்ற சண்டை.

ஐம்பத்தொன்பதில் மணியை ஆற்றில் உருட்டினோம்.
உருட்டினார்கள் என்றுதான் ஊரில் சொல்வது வழக்கம்.
எனக்குப் பத்தொன்பது வயது.
கயிற்றின் ஒரு நுனி என் கையில்.
யாரும் மிரட்டவில்லை.
அரைநாள் கூலி என்றார்கள், போனேன்.
தண்ணீரில் விழும்போது
அது ஒரே ஒரு தரம் ஒலித்தது, வாய்க்குள் சோறு வைத்துப் பேசுவதுபோல்.

சுவருக்கு வெள்ளையடித்தார்கள்.
எந்தப் புனிதையுடையதோ, ஒரு கை மட்டும்
எத்தனை பூச்சு பூசினாலும் வெளியே தெரிந்தது.
அந்த உள்ளங்கைக்குக் கீழே கரித்துண்டால் எழுதுவேன்:
வரவு 312 மூட்டை. அழுகியது 6.

தொண்ணூற்றிரண்டில் திரும்பி வந்தவர்கள்
பூச்சைச் சுரண்டினார்கள். முகம் வந்தது, முக்காடு வந்தது.
என் கணக்கின் அருகே நின்று
நெக்தாரியே என்கிற பாதிரியார் கேட்டார்:
"இது யார் கையெழுத்து?"
சாவியை நீட்டினேன்.
பூட்டு மாற்றியாயிற்று என்றார்.

மழைக்காலத்தில் இன்றும் கல் வெங்காயம் மணக்கும்.
கிஷினேவிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள்
கண்ணைத் துடைத்தபடி வெளியேறுகிறார்கள்,
பக்தி என்று நினைத்துக்கொண்டு.

போன ஈஸ்டருக்கு முன்
பாவம் சொல்லும் வரிசையில் நானும் நின்றேன்.
முழங்கால் வலித்தது. முறை வந்தது.
"ஃபாதர், அந்த ஆறு மூட்டை அழுகவில்லை.
என் வீட்டுக்குப் போனது" என்றேன்.

வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

கீழே ஆற்றில்
பையன்கள் குதித்துக் குதித்துக் குளிக்கும் சத்தம்.
இல்லை என்றேன்.