பல்லின் வயது

ஒன்பது என்று வந்திருக்கிறது.
வனவிலங்குத் துறையின் அஞ்சலட்டை,
மின்கட்டண ரசீதுக்கும்
பல் டாக்டரின் நினைவூட்டலுக்கும் நடுவே.
முத்திரை எண். மாவட்டம். ஆண். வயது: ஒன்பது.
எங்கோ ஓர் ஆய்வகத்தில் என் சிங்கத்தின் பல்லை
மெல்லிசாய்ச் சீவி
மரத்துக்கு எண்ணுவதுபோல் வளையம் எண்ணியிருக்கிறார்கள்.

என் சிங்கம் என்றா சொன்னேன்?
இருக்கட்டும்.

சிங்கம் என்று பேர்தான். பிடரி கிடையாது,
கர்ஜிக்கத் தொண்டை கிடையாது.
நெவாடாவின் இந்தக் கிழக்கு மூலையில்
பன்னிரண்டு வருஷமாய் வீடு வீடாக கேஸ் நிரப்புகிறேன்,
ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.
பட்டதெல்லாம் சுவடு.
நகம் பதியாத நான்கு விரல்,
பனியில் யாரோ கிண்ணத்தைக் கவிழ்த்து எடுத்ததுபோல.

ஜனவரியில் ராத்திரி மூன்று மணிக்கு
தேய்ன் ஆர்கட் கூப்பிட்டான்.
"பனி நின்னுடுச்சு. வா."
அவ்வளவுதான் பேச்சு.

ரைஃபிள் இருக்கும்போது ரிவால்வர் எதற்கு
என்று என் மைத்துனன் கார்வின் கேட்டிருந்தான்.
சரிவில் ஏற இரண்டு கையும் வேண்டும்,
தோளில் தொங்குவதையெல்லாம் ஜூனிப்பர் கிளை பிடித்து இழுக்கும்,
மார்போடு கட்டிக்கொண்டால் தொந்தரவில்லை என்றேன்.
எல்லாம் உண்மை. ஆனால் காரணம் அதில்லை.
கிட்டே போகவேண்டும் என்று ஓர் ஆசை.

கோடை முழுக்கக் காகிதத் தட்டுகளைச் சுட்டுப் பழகினேன்.
பதினைந்து கஜம். ஆறுக்கு ஆறு.
காகிதத் தட்டு மூச்சு விடாது.

பிஸ்கட், டீக்கன், ஜூன். மூன்று நாய்கள்.
உறைந்த ஓடையைத் தாண்டியதும் குரல் மாறியது.
தேடுகிற குரைப்பு வேறு, மரத்தடிக் குரைப்பு வேறு.
தேய்ன் கையிலிருந்த கருவியைப் பார்க்கவே இல்லை.
"ஏத்திட்டாங்க" என்றான்.

நாங்கள் ஏறிச் சேர ஒன்றரை மணி நேரம்.
அது நாய்களைப் பார்க்கவில்லை. எங்களையும்.
கிளையில் தாடையை வைத்து
எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது,
பஸ் வர நேரமாகும் என்று தெரிந்த ஆளைப்போல.
வால் மட்டும் வேலை செய்தது.

தேய்ன் அடியிலிருந்து பைனாகுலரில் துழாவினான்,
வாலுக்குக் கீழே கறுப்புப் புள்ளி.
"ஆண்தான். உன் இஷ்டம்."
நாய்களை ஒவ்வொன்றாய் இழுத்துக் கட்டினான்.

உன் இஷ்டம்.
அந்த இரண்டு சொல்லுக்குள் அவ்வளவு குளிர்.

கையுறையைப் பல்லால் கழற்றினேன்.
குறிமுள் அதன் தோளில் ஏறியது, இறங்கியது,
என் நாடியோடு.
முதல் குண்டு
நினைத்த இடத்துக்கு நான்கு விரல்கடை பின்னால்.

அது விழவில்லை.
இறங்கியது.

கட்டை அறுத்துக்கொண்டு ஜூன் பாய்ந்ததும்
தேய்ன் ஏதோ கத்தியதும்
எது முன் எது பின் என்று இன்றைக்கும் தெரியாது.
இரண்டாவது குண்டு மூன்றடியில்.
ஆசைப்பட்ட கிட்டம்.
அதன் மூச்சில் தேவதாரு வாசனை இருந்தது.

ஜூனுக்கு இடது காதில் ஏழு தையல். பணம் நான் கொடுத்தேன்.
ஈலி அலுவலகத்துப் பெண் குறடால் பல்லை எடுத்து
சின்ன உறையில் போட்டு நாக்கால் ஈரமாக்கி ஒட்டினாள்.
'ஆயுதம்' என்ற கட்டத்தில் கைத்துப்பாக்கிக்கு டிக் போட்டேன்.
"அபூர்வம்தான்" என்றாள், தலை நிமிராமல்.

ஒன்பது.
ஏழு வருஷத்துக்கு முன் இதே மலையடியில்
என் லாரி பனியில் புதைந்து
ராத்திரி முழுக்க உள்ளேயே கிடந்தேன்.
விடிந்து பார்த்தால் லாரியைச் சுற்றிச் சுவடு.
ஓட்டுநர் பக்கக் கதவருகே பனி அமுங்கிக் கிடந்தது,
வெகுநேரம் எதுவோ உட்கார்ந்திருந்து
எழுந்து போனதுபோல.

அப்போது இதற்கு வயது இரண்டு.
இதுதான் என்று சொல்ல மாட்டேன்.
மலையில் எத்தனையோ.

அட்டையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தேன்.
வியாழன் பத்தரைக்குப் பல் டாக்டர்.
வாயைத் திறக்கச் சொல்வார்.