ஏறுபடி

வவுனியாவில் மூன்று வண்டி பார்த்தோம்.
ரூபகாந்தன் ஒவ்வொன்றுக்கும் அடியில் குனிந்தான்.
குளம் வான் பாய்ந்தால் நெடுங்கேணி ரோட்டில்
தண்ணி இவ்வளவு நிற்கும் என்று
தன் முழங்காலில் கோடு கீறிக் காட்டினான்.
விற்கிறவன் ஃபோர்வீல் லீவரைப்
போட்டுப் போட்டு எடுத்தான்.

பிள்ளைகள் பின்சீட்டில்
ஏற்கெனவே நாயாற்றுக் கடலுக்குப் போய்விட்டார்கள்.

நான் ஏறுபடியை அளந்தேன்,
கையால் அல்ல.
பஜிரோ உயரம்.
டிஃபெண்டரின் கிளச் கல்லு மாதிரி.
என் இடது ஜெய்ப்பூர்க் காலுக்குக் கிளச் தெரியாது.

மூன்றாவது, கதவு நசிந்த பிராடோ, ஒட்டோ கியர்.
கைபிடியைப் பற்றினேன்; ஒரே எம்பலில் உள்ளே.

“டீசல் குடிக்குமே.”
குடிக்கட்டும்.
காலமை ஏழு இருபதுக்கு
ஒட்டுசுட்டான் பள்ளிக்கூடத்துக்கு
ஒருவரையும் கேட்காமல் போவேன்.

கொண்டுவந்த அன்று
கனகராயன்குளத்தில் வேண்டுமென்றே
கிரவலுக்கு இறக்கினேன்.
இப்போது கைபிடியைப் பற்றியது அவன்.