இருபத்திரண்டு கிலோ

நாலு திருகாணியில் மூன்று சுலபமாய் வந்துவிட்டன.
நாலாவது
தலை தேய்ந்து, துரு ஏறி,
எங்கள் கல்யாணம் மாதிரி
பிடித்த பிடியை விடவில்லை.

நடேசன் டார்ச் பிடித்தார்.
ரம்பம் என் கையில்.
அறுத்தேன்.

கேரவனின் முன் அலமாரியிலிருந்து தூக்கியபோது
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அம்மா" என்றோம்.
முன்னால் பார்க்கப் பதினாலு அங்குலம்.
பின்னால் எருமையின் பிட்டம்,
உடுப்பு வைக்கும் இடத்துக்குள் துருத்திக்கொண்டு.
அந்தச் சூட்டில்தான்
வாசகியின் ஈர நீச்சலுடை காய்ந்தது
விடுமுறைக்கு விடுமுறை.
செய்தி வாசித்தவருக்குத் தெரியாது
தன் முதுகில் என்ன தொங்கியதென்று.

கடற்கரையில் பலகைகளைக் கழற்றிய
மறு வருஷம் வாங்கிய வண்டி இது.
(அந்தப் பலகைகளும்
யாரோ ஒருவரின் கராஜில்தான் கிடக்கும்,
தூக்கிப்போட மனசில்லாமல்.
எந்த மனசோ.)

புதியது தோசைக்கல்லைவிடக் கொஞ்சம் கனம்.
சுவரில் ஒரு இரும்புக் கை, கையில் ஒரு திரை.
பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும்,
மின்வெட்டிலும் மினுங்கும்.
நடேசன் அதை இடமும் வலமும் திருப்பி
தீபாராதனை போல எனக்குக் காட்டினார்.
"கனம் குறைஞ்சாச்சு. இனிமே வண்டி பறக்கும் பார்."

முப்பத்தொரு வருஷம்
டொங்காட் ஆலையின் எடைமேடையில்
கரும்பு லாரிகளை எடை போட்டவள் நான்.
சொன்னேன்:
மூக்கில் கனம் போனால் வால் ஆடும்.
"இத்தனை நாளா டிவியா வண்டி ஓட்டிச்சு?"

உம்கோமாஸ் பாலத்துக்கு முந்தைய இறக்கத்தில்
ஆடியது.
முதலில் ஒரு சந்தேகம் போல.
அப்புறம் சாமி வந்தவள் போல.
பக்கத்தில் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தது.
அவர் கால் பிரேக்குக்குப் போவதைப் பார்த்தேன்.
"மிதிக்காதேடா!" என்றேன்.

நாற்பது வருஷத்தில்
முதல் 'டா'.

மிதிக்கவில்லை.
வேகம் தானாகக் களைத்து இறங்கியது.

ஓரத்தில் நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன்.
வாசகியின் கூட்டத்துக்கென்று
கட்டிலடியில் பத்துப் பத்தாய் இரண்டு அரிசிப் பை,
மாங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில்.
எல்லாவற்றையும் முன்னால் கொண்டுபோய்
டிவி இருந்த பள்ளத்தில் இறக்கினேன்.
இருபத்திரண்டு.
தராசு எதற்கு.

அப்புறம் வண்டி ரயில் மாதிரி போனது.
ஸ்காட்பர்க் வரைக்கும் அவர் பேசவில்லை.
முகாம் வாசலில், காவலாளி கேட்டைத் திறக்கும்போதுதான்
"மிதிக்காதீங்கன்னு சொல்லியிருக்கலாம்" என்றார்.
நேரம் இல்லை, என்றேன்.
இரண்டு எழுத்து அதிகம்.

பத்து நாள் அரிசியைத் தின்றோம்.
ஒவ்வொரு கப் அளக்கும்போதும்
வண்டியின் மூக்கு எத்தனை கிராம் எழும்புகிறதென்று
மனசுக்குள் எழுதிக்கொண்டேன்.
திரையில் யாரோ யாரையோ துரத்திக் கோல் அடித்தார்கள்.
நடேசனின் பாதங்கள் பார்த்தன;
மேலே அவர் தூங்கிவிட்டிருந்தார்.

புறப்படும் நாள் விடியலில்
சாளை வந்துவிட்டதென்று பிள்ளைகள் கத்தினார்கள்.
கடல் ஒரு பக்கம் கறுத்துக் கிடந்தது.
பறவைகள் தலைகீழாய், ஊசி ஊசியாய் விழுந்தன.
வாளியோடு ஓடினவர்கள், சட்டியோடு ஓடினவர்கள்,
ஒன்றுமில்லாமல் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடின
பக்கத்து வண்டிக்காரர் ஃபான் விக்.
நடேசன் வலைக்காரர்களோடு பேரம் பேசி
ஒரு பெட்டி வாங்கி, ஐஸ் கொட்டி,
என் காலடியில் கொண்டுவந்து வைத்தார்.

"எவ்வளவு இருக்கும்?"

என்னைத்தான் கேட்டார்.
தூக்கிப் பார்த்தேன்.
ஐந்தாறு மீனை எடுத்து ஃபான் விக்குக்குக் கொடுத்தேன்.
மறுபடி தூக்கினேன்.
இப்போது சரி.

வடக்கே போகிறோம். ஆடவில்லை.
இந்த நாற்றம் இனி வண்டியை விட்டுப் போகாது,
அதற்கு எடை கிடையாது, சொல்லமாட்டேன்.
புதுத்திரை அணைந்திருக்கிறது.
அதன் பின்னால், இருட்டில்,
இமையில்லாத இருநூறு மீன்கள்
அதன் முதுகைப் பார்த்துக்கொண்டே வருகின்றன.